ஆனி மாசம் போட்ட சோலார், மார்கழி மாசம் வந்த நிழல்

மழையெல்லாம் விட்டு ஒரு வாரமா நல்ல வெயில், மார்கழி பனி விலகி எட்டு மணிக்கெல்லாம் பளிச்சுன்னு அடிக்குது, இன்னிக்கு பன்னெண்டு யூனிட்டாவது வந்திருக்கும்னு நெனச்சு சாயங்காலம் போன்ல சோலார் ஆப்ப தொறந்து பாத்தா எட்டு யூனிட். எட்டே எட்டு. காலைல அழகா மேல ஏறி வந்த கோடு பதினோரு மணிக்கு தொபுக்குன்னு விழுந்து, ஒன்ற மணி வரைக்கும் தரையோட தவழ்ந்துட்டு அப்புறம் எந்திரிச்சு நிக்குது. உச்சி வெயில் நேரத்துல பள்ளம்! கரண்டு போச்சான்னு அம்மாட்ட கேட்டா இல்லைனுச்சு. சரி தூசியா இருக்கும்னு மறுநாள் காலைல ஏறி மாப் போட்டு தொடச்சேன், அன்னிக்கும் அதே பள்ளம், அதே நேரம்.

மூணாவது நாள் பதினொன்ற மணிக்கு மொட்டமாடிக்கு போய் நின்னேன். பேனல் மேல தென்னங்கீத்து நிழல் சொகமா ஆடிக்கிட்டு இருக்கு.

இத எழுதுறதுக்கு காரணமே அந்த நிழல்தான். சோலார் போடப்போறேன், எவ்வளவு ஆச்சு, மானியம் வந்துச்சான்னு ஊர்ல ஏழெட்டு பேரு கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா டீக்கடைல நின்னு சொல்லி மாளல, அதனால மொத்தமா இங்க எழுதிடுறேன், நான் மாட்டுன எடத்துல நீங்க மாட்டாதீங்க.

எங்க வீடு மன்னார்குடி பக்கம், பாமணி ஆத்த தாண்டி கொஞ்சம் உள்ள. ஒத்த மாடி கான்க்ரீட் வீடு, மேல தொள்ளாயிரம் சதுர அடி சொச்சம் மொட்டமாடி, வடமேற்கு மூலைல மாடிப்படி ரூமு, அது மேல தண்ணி டேங்கு. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் வந்தப்ப எங்க தெருவுல ஒரு போஸ்ட் நிக்கல, வாரக்கணக்குல கரண்டு இல்லாம கெடந்தோம், டேங்குக்கு தண்ணி ஏத்த ஜெனரேட்டர் வச்சிருந்தவரு மணிக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு வீடு வீடா வந்தாரு. அப்பலேந்தே அப்பாவுக்கு சோலார் மேல ஒரு கண்ணு. "வானத்துலேந்து வர்றது, எந்த கம்பியும் அறுந்து போவாது"ன்னு சொல்லுவாரு. அந்த நெனப்பு பாதி தப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு, அத அப்புறம் சொல்றேன்.

எனக்கு கணக்கு வேற. ரெண்டு வருஷம் முன்னாடி அம்மாவுக்கு முடியாம போனப்ப ஏசி வாங்கினோம், அதுலேந்து சித்திர வைகாசி பில்லு 500 யூனிட்ட தாண்டிப் போவுது. நம்ம ஊருல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா 500 தாண்டுனா தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் கூட காசு இல்ல, 101-லேந்தே வேற ரேட்டு, அது பல பேருக்கு தெரியாது. போன வருஷம் எங்களுக்கு 560 வந்துச்சு. அந்த அறுபது யூனிட்டு எங்களுக்கு வச்ச ஆப்பு இருக்கே, அன்னிக்கு முடிவு பண்ணேன்.

மத்திய அரசு திட்டம் ஒன்னு இருக்கு, பிஎம் சூர்ய கர்னு 2024-ல ஆரம்பிச்சாங்க. மொத ரெண்டு கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000, ஆக மூணு கிலோவாட்டுக்கு 78,000 மானியம். அதுக்கு மேல எத்தன கிலோவாட்டு போட்டாலும் அதே 78,000-தான். அதனாலதான் ஊர்ல யார கேட்டாலும் மூணு கிலோவாட்டு மூணு கிலோவாட்டுங்கிறாங்க. மானியம் வேணும்னா பேனலோட செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும், சும்மா பேனல் இங்க பொருத்துனா பத்தாது, அந்த வகைக்கு விலையும் கொஞ்சம் கூட. கொட்டேஷன்ல இத மட்டும் தனியா கேட்டு எழுதி வாங்கிக்குங்க. மொத பூரா காசும் நாம கட்டணும், மானியம் பின்னாடி நம்ம பேங்க் அக்கவுண்ட்ல வரும்.

எங்களுக்கு எல்லாம் சேத்து ரெண்டு லட்சத்த தாண்டிடுச்சு, காரணம் அம்மா. சாதாரணமா பேனல தரையோட ஒட்டி ரெண்டு அடி ஒசரத்துல போடுவாங்க. அம்மா ஒத்துக்கல. "மாடிய அடச்சிட்டா நான் நெல்ல எங்க காயவைப்பேன், வத்தல எங்க போடுவேன், துணி எங்க போடுவேன்"னு கேள்வி மேல கேள்வி. நியாயம்தான். அறுப்பு முடிஞ்சா அவிச்ச நெல்லு, மாசில மோர் மொளகா, சித்திரைல கூழ்வத்தல், பொங்கலுக்கு முன்னாடி ஊறவச்ச பச்சரிசி, எங்க வீட்டு மொட்டமாடி வருஷத்துல பாதி நாள் சும்மா கெடக்காது. அதனால கீழ ஆளு நடந்து போற மாதிரி எட்டு அடி ஒசரத்துல ஸ்ட்ரக்சர். இரும்பு கூட, வெல்டிங் கூட, காசும் கூட. ஒசரம் கூடுனா காத்தும் கூட புடிக்கும், கஜா பாத்த ஊரு இது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு காகிதம் மாதிரி பறந்தத கண்ணால பாத்தவன் நான், அதனால கால் ஒவ்வொன்னையும் சும்மா தளத்துல ஓட்ட போட்டு நட்டு வைக்காம பீம் மேல வர்ற மாதிரி பாத்து வைக்க சொன்னேன். கம்பி ஜிஐ-ன்னு, அதாவது துத்தநாகம் பூசுனதுன்னு, சொன்னா மட்டும் பத்தாது, முழுசா துத்தநாகத்துல முக்கி எடுத்ததான்னு கேளுங்க, பெயிண்ட் அடிச்ச இரும்பு நம்ம உப்புக்காத்துக்கு தாங்காது. கடல் இங்கேந்து ரொம்ப தூரம் இல்ல.

காகித வேலைல ஒரே தடங்கல், அதுவும் எங்க தப்பு. கரண்டு கனெக்ஷன் இன்னும் தாத்தா பேருல இருந்துச்சு. தாத்தா போயி பதினோரு வருஷம் ஆச்சு. பில்லு கட்டுறோம்ல, பேரு யாரு பேருல இருந்தா என்னன்னு விட்டுட்டோம். மானியம் வர்ற அக்கவுண்டும் கனெக்ஷன் பேரும் ஒத்து வரணும்ல, வாரிசு சான்று, வீட்டுவரி ரசீதுன்னு எல்லாத்தையும் தேடி எடுத்து அப்பா பேருக்கு மாத்தவே ஒன்ற மாசம் ஓடிப்போச்சு. நீங்க சோலார் போடப்போறீங்களோ இல்லையோ இன்னிக்கே கரண்டு கார்ட எடுத்து யாரு பேரு இருக்குன்னு பாருங்க. மத்தபடி 10 கிலோவாட்டு வரைக்கும் ஆளு வந்து லைன் தாங்குமான்னு ஆய்வு பண்ற வேலையெல்லாம் இப்ப இல்ல, அப்ளை பண்ணா ஏத்துக்கிட்ட மாதிரிதான்.

இன்னொரு வயித்தெரிச்சல். நான் ஜூன்ல போட்டேன், செப்டம்பர் 2025-ல சோலார் சாமான் மேல ஜிஎஸ்டிய 12 சதவீதத்துலேந்து 5-க்கு கொறச்சிட்டாங்க. மூணு மாசம். சரி விடுங்க.

இப்ப நிழல் கதைக்கு வர்றேன். ஜூன் 12 மேட்டூர் தொறந்து, தண்ணி கல்லணைய தாண்டி எங்க ஆத்துல எட்டிப் பாத்த சமயம், ஆனி மாசம் மொத வாரம், கம்பெனிலேந்து ஒரு தம்பி அளவெடுக்க வந்தாப்ல. நல்ல பையன், கொற சொல்ல மாட்டேன். பகல் பன்னெண்டு மணிக்கு மாடில நின்னு சுத்தி சுத்தி பாத்துட்டு, "சார், உங்க மாடிப்படி ரூம் நிழல் தெக்க விழுது, அதுக்கு தள்ளி பேனல தெக்கு ஓரத்துல போட்டுருவோம், அங்க சுத்தமா நிழலே இல்ல"ன்னாப்ல. நானும் பாத்தேன். உண்மைதான், தெக்கு ஓரம் பூரா வெயிலு. தெக்க பாத்து சரிவா வைக்கணும், நம்ம ஊருக்கு பத்து பதினோரு டிகிரி சாய்வு போதும், எல்லாம் சரி.

தெக்க சித்தப்பா வீட்டு கொல்ல. அங்க எட்டு தென்ன மரம் இருந்துச்சு, கஜாவுல ஏழு போச்சு, ஒன்னு மட்டும் நிக்குது, நெட்ட மரம், அம்பது அடி இருக்கும், எங்க கைப்புடிச் செவுத்துலேந்து பத்தடி தள்ளி. அந்தத் தம்பி அந்த மரத்தையும் பாத்தாப்ல, "நிழல் அந்தப் பக்கமாத்தான சார் விழுது"ன்னாப்ல. ஆமா, அந்தப் பக்கமாத்தான் விழுந்துச்சு.

அப்ப அம்மா முறத்தோட மேல வந்துச்சு. பாத்துட்டு, "அந்த மூலைலயா போடப்போறீங்க? வடகிழக்குல போடு தம்பி, கார்த்திக மார்கழில இங்க வெயிலே அண்டாது, அரிசி காயாது, பாசி புடிச்சு வழுக்கும்"னுச்சு. நான் என்ன சொன்னேன்? "அம்மா, அவங்க படிச்சவங்க, நீ கீழ போ." இத எழுதும்போது கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

என்ன நடந்துருக்குன்னா, நம்ம ஊரு நிலநடுக்கோட்டுக்கு பத்து டிகிரி சொச்சம் வடக்க இருக்கு. சூரியன் ஜூன்ல இருபத்திமூன்ற டிகிரி வரைக்கும் வடக்க போயிரும். அதாவது ஏப்ரல் மூணாவது வாரத்துலேந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சி நேரத்துல சூரியன் நம்ம தலைக்கு வடக்க நிக்கும், நிழல் தெக்க விழும். அது தொடங்குறப்ப ஒரு நாள், முடியுறப்ப ஒரு நாள், உச்சி நேரத்துல நிழல் காலடிலயே நிக்கும், நிழலில்லா நாள்னு பள்ளிக்கூடத்துல பசங்கள வெளிய கூட்டிவந்து காட்டுவாங்களே அதான். மத்த எட்டு மாசமும் சூரியன் தெக்க, நிழல் வடக்க. ஜூன்ல பத்தடி ஒசரத்துக்கு உச்சி நிழல் ரெண்டேகால் அடிதான், அதுவும் தெக்க. டிசம்பர்ல அதே பத்தடிக்கு கிட்டத்தட்ட ஏழடி, நேரா வடக்க. ஆக நாங்க மாடிப்படி ரூமோட ஒன்ற முழ நிழலுக்கு பயந்து ஓடிப்போயி தென்ன மரத்தோட மடில ஒக்காந்துட்டோம். உத்தராயணம் தட்சிணாயணம்னு காலண்டர்ல தெனம் பாக்குறோம், கிழிச்சுப் போடுறோம்.

பாசிதான் எனக்கு இன்னும் மனச அறுக்குது. அன்னிக்கு அளவெடுக்குறப்ப தெக்கு ஓரத் தளத்துல கருப்பா காஞ்சுபோன பாசி தடம் தெளிவா இருந்துச்சு, அதோட வடிவமே தென்ன மரத்துக் கொண்ட நிழல் மாதிரிதான் இருந்திருக்கு, நான் அந்தத் தம்பிய கூப்ட்டு "மழத்தண்ணி தேங்குற எடம் போல"ன்னு வேற சொன்னேன்.

சரி, ஒரு மரத்து நிழல், அதுவும் ஓட்டையும் உடைசலுமா விழுற கீத்து நிழல், இவ்வளவு கெடுக்குமான்னு கேப்பீங்க. கெடுக்கும். ஆறு பேனலையும் ஒன்னோட ஒன்னு வரிசையா கோத்து ஒரே கம்பியா எறக்கியிருக்காங்க. நம்ம வாய்க்கா மாதிரிதான், தலமாட்டுல வைக்கோலு அடச்சா கடமடைக்கு தண்ணி வருமா? ஒரு பேனல்ல நாலு செல்லு மேல நிழல் நின்னா அந்த வரிசையோட கரண்டே இளைச்சிரும். அதுக்குன்னு பேனலுக்கு பின்னாடி டப்பால டயோடு வச்சிருப்பாங்க, அடச்ச எடத்த விட்டுட்டு பக்கத்துல வரப்ப வெட்டி தண்ணிய திருப்பி விடுற மாதிரி, அந்தப் பகுதிய மட்டும் கழட்டிவிட்டு மிச்சத்த ஓட்டும். ஆனா எங்களுக்கு நிழல் ஒரு எடத்துல நிக்கல, ரெண்டர மணி நேரத்துல மேக்கேந்து கெழக்க தெக்கு வரிசைல இருக்குற மூணு பேனலையும் தடவிக்கிட்டு போவுது, அதனாலதான் அந்தப் பள்ளம்.

மத்த நேரத்துல குறையே இல்லைன்னு சொல்லணும். ஆவணி புரட்டாசில நல்ல நாள்ல பதினாலு யூனிட் வரைக்கும் பாத்தேன், பில்லு மூணு இலக்கத்துக்கு எறங்கிடுச்சு. கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு யூனிட்னு பொதுவா சொல்றது நம்ம பக்கத்துக்கு சரியாத்தான் இருக்கு, ஆனா அது வருஷ சராசரி. ஐப்பசி கார்த்திகைல எதிர்பாக்காதீங்க. நவம்பர் கடைசில டிட்வா புயல் மழ கொட்டுனப்ப ஒரு நாள் ஒன்ற யூனிட், மறுநாள் முக்கால். வயல்ல சம்பா பயிரு தண்ணில மூழ்கிக் கெடந்தப்ப எவன் யூனிட்ட பாத்தான், அது வேற விஷயம். இன்னொன்னு, அக்னி நட்சத்திரத்துல அள்ளிக் கொட்டும்னு நெனைக்காதீங்க. பேனலுக்கு வெளிச்சம்தான் வேணும், சூடு ஆவாது. 25 டிகிரிக்கு மேல சூடு ஏற ஏற ஒவ்வொரு டிகிரிக்கும் கால் சதவீதத்துக்கு மேல கொறையும், மே மாசம் பேனல் மேல கை வைக்க முடியாது, அறுபது டிகிரி தொட்டுரும். மாசி பங்குனிதான் நம்ம ஊருக்கு அறுவட காலம்னாங்க, எனக்கு இனிமேதான் தெரியும்.

அப்பா கதைக்கு வர்றேன். மாசாந்திர பராமரிப்புக்கு ஒரு நாள் காலைல ஒம்போது மணிக்கு லைன் நிறுத்துனாங்க. அப்பா கெத்தா பக்கத்து வீட்டு மாமாட்ட "எங்களுக்கு கவல இல்ல, சோலாரு"ன்னு சொல்லிட்டு உள்ள வந்து ஃபேன் சுவிட்ச போட்டா ஓடல. மேல வெயில் கொளுத்துது, கீழ ஃபேன் ஓடல! என்னய பாத்த பார்வை இருக்கே. ஆன்கிரிட்னு சொல்ற இந்த வகைல லைன்ல கரண்டு இருந்தாத்தான் இன்வெர்ட்டர் வேல செய்யும். லைன் செத்தா இதுவும் தானா படுத்துரும். அப்புடி படுக்கணும், ஏன்னா போஸ்ட்ல லைன்மேன் ஏறி வேல பாத்துக்கிட்டு இருக்கும்போது நம்ம மாடிலேந்து கரண்டு கம்பில போனா அவரு உசுருக்கு ஆபத்து. புயலடிச்சு ஊரே இருண்டு கெடக்கும்போது நமக்கும் இருட்டுதான். வெளிச்சம் வேணும்னா பேட்டரி வச்ச ஹைப்ரிட் போடணும், அதுக்கு காசு வேற கணக்கு. நாங்க பழைய யூபிஎஸ் பேட்டரிய அப்புடியே வச்சிருக்கோம், ரெண்டு ஃபேனு நாலு லைட்டு ஓடுது. போடுறதுக்கு முன்னாடியே வீட்டு பெரியவங்ககிட்ட இத சொல்லிருங்க, நான் சொல்லல, இன்னும் வாங்கிக் கட்டிக்கிறேன்.

சுத்தம் பண்றது. போர் தண்ணிய ஊத்தி காயவிட்டா வெள்ளையா உப்பு படியும், கடைசில துணியால வழிச்சு விடணும். உச்சி வெயில்ல சூடான கண்ணாடி மேல பச்ச தண்ணி ஊத்தாதீங்க, விடிகாலைல பண்ணுங்க. அறுப்பு மெஷின் ஓடுற நாள்ல தூசி அப்பிக்கும். அப்புறம் காக்கா. அம்மா அமாவாசைக்கு கைப்புடிச் செவுத்துல சோறு வைக்கும், தின்ன காக்கா எல்லாம் நேரா பேனல் மேல போய் ஒக்காந்து மிச்ச வேலைய முடிச்சிட்டு போவுது. முன்னோர்கள்கிட்ட என்னன்னு போய் சொல்றது. இப்ப சோறு கொல்லைக்கு மாறிடுச்சு.

நிழலுக்கு என்ன வழின்னு கம்பெனிக்கு போன் போட்டேன். அந்தத் தம்பியே வந்தாப்ல, மேல நின்னு நிழல பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசல. மரத்த வெட்டிருங்க சார்னாப்ல. சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கும் வேலி தகராறுல மூணு வருஷமா பேச்சு இல்ல, கஜாவே சாய்க்காத மரத்த எங்க சோலாருக்காக வெட்டுங்கன்னு யாரு போய் கேக்குறது. பேனலுக்கு ஒரு ஆப்டிமைசர் மாட்டலாம், அப்ப நிழல் விழுற பேனலு மட்டும் கொறையும், மத்தது தப்பிக்கும்னு சொன்னாப்ல, ஆனா விழுற நிழலு விழத்தானே செய்யும், அதுக்கும் காசு. கடைசில தெக்கு வரிச மூணையும் கழட்டி வடகிழக்குக்கு கொண்டு போறதுன்னு முடிவு. இரும்புக் கூலி நான், ஆளுக் கூலி அவங்க. மாசில வர்றேன்னுருக்காப்ல.

அதுவரைக்கும் நான் தெனம் பன்னெண்டேகால் மணிக்கு தளத்துல நிழலோட ஓரத்த சாக்பீஸால கோடு போட்டுக்கிட்டு இருக்கேன், டிசம்பர் கடைசிலேந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு முழம் தெக்க நகந்துருக்கு. நேத்து போனா என் கோட்டுக்கு பக்கத்துல வரிசையா செங்கல் அடுக்கியிருக்கு. என்னம்மா இதுன்னு கேட்டேன்.

"நீ வடகிழக்க எடுத்துக்கிட்டீன்னா இந்தப் பக்கம் எனக்கு. மாசிலேந்து ஐப்பசி வரைக்கும் இங்க வெயில் நல்லா விழும், மொளகா வாங்கி வச்சிருக்கேன். கம்பிக்கால மட்டும் சுத்தமா புடுங்கிட்டு போவ சொல்லு"ன்னுச்சு.